அப்பா சுற்றிய கடைசிக் கட்டு

குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை. அதைப் பார்த்ததும், திருச்சி உறையூரில் உள்ள அந்த வீட்டின் மாடி அறையில் 43 வயது கப்பல் இன்ஜினீயர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கையில் இருந்தது பழைய தினசரித் தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிய 25 சுருட்டுகள். நாற்பது வருடங்களுக்கு மேல் சுருட்டு சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்த அவருடைய அப்பா, வேலையை விட்டு நின்ற பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொழுதுபோக்காகச் சுற்றிய கடைசிக் கட்டு அது. முதல் பத்தொன்பது அச்சில் வார்த்ததுபோல இருக்கும். கடைசி ஆறு கோணல்மாணல். அதற்குள் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

உறையூர் சுருட்டு ஒரு காலத்தில் உலகம் சுற்றியது. 'டிரிச்சினாப்பள்ளி' என்றாலே லண்டனில் சுருட்டு என்று அர்த்தம். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து 'இது டிரிச்சினாப்பள்ளி சுருட்டு' என்று துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுவார். சர்ச்சிலும் இதற்கு ரசிகர் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. நூறு சுற்றினால் எவ்வளவு கூலி என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு.

மகன் கப்பலுக்குப் போன பிறகு இருவருக்கும் இடையே ஒரு வழக்கம் வந்தது. மணிலா, லாஸ் பால்மாஸ், ரியோ ஹைனா என்று சுருட்டுக்குப் பேர்போன எந்தத் துறைமுகத்தில் கப்பல் நின்றாலும் மகன் இரண்டு சுருட்டு வாங்குவார். ஒன்று தனக்கு, ஒன்று அப்பாவுக்கு. அப்பா முன்னால் அவர் ஒருநாளும் பற்றவைத்ததில்லை. அப்பாவும் உடனே பற்றவைக்க மாட்டார். மூக்கருகே வைத்துப் பார்ப்பார், இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும். "மேல் இலை நல்லா இருக்கு தம்பி. சுத்துனவன்தான் அவசரக்காரன்."

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில் அப்பா போய்விட்டார். நுரையீரல்தான் காரணம். மகனுக்குப் புகைப்பது அநேகமாக நின்றுபோனது. ஆனால், வாங்குவது நிற்கவில்லை. கடைக்குப் போனால் கை தானாக இரண்டை எடுத்தது. இப்படிச் சேர்ந்தவை 68. எல்லாம் பிஸ்கட் டின்னிலும் பீரோவிலுமாகக் கிடந்தன. அந்த பீரோவின் அடித்தட்டில்தான் அப்பாவின் கட்டும் இருந்தது.

ஓட்டை போட்ட பூச்சியை அடையாளம் சொன்னது அம்மாதான். தாளில் விழுந்திருந்த செம்பழுப்பு வண்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர், "இது நம்ம மஞ்சத்தூள் டப்பாவுல வர்ற பூச்சிடா" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. புகையிலை வண்டுக்கும் மஞ்சள், மல்லி, மிளகாய் வற்றலைத் தின்னும் வண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒன்றே. அதன் முட்டை இலையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். குளிரில் சும்மா கிடக்கும். 24 டிகிரியைத் தாண்டினால் பொரிந்து, உள்ளிருந்து தின்றுகொண்டே வெளியே வரும். திருச்சியில் 24 டிகிரிக்குக் கீழே என்றால் அது பெரும்பாலும் குளிர்காலத்து இரவும் விடியற்காலையும்தான்.

25-ல் நான்கில் ஓட்டை. அதில் ஒன்று கையில் எடுத்ததுமே தூளாகிவிட்டது.

அன்றிரவு அவர் ஹியூமிடார் தேட ஆரம்பித்தார். ஹியூமிடார் என்பது சுருட்டைக் காயாமலும் பூஞ்சை பிடிக்காமலும் வைத்திருக்கும் பெட்டி. உள்ளே ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவிகிதத்துக்குள், வெப்பம் 18-லிருந்து 21 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சித்திரையில் இலை அப்பளமாக நொறுங்கி, ஐப்பசியில் ஊறிப் பூஞ்சை பூக்கும் ஊரில் இதைச் சாதிப்பது சாதாரண வேலை இல்லை.

முதலில் கண்ணைப் பறித்தது பளபளப்பான மரப்பெட்டி. கண்ணாடி மூடி, பித்தளைப் பூட்டு, 'ஐம்பது சுருட்டு வைக்கலாம்' என்ற விளம்பரம். விலையைப் பார்த்த மனைவி, "என்னங்க, இந்தக் காசுக்கு ஒரு பீரோவே வாங்கலாமே" என்றார். விலை போகட்டும். ஐம்பது என்று போட்டிருந்தால் முப்பத்தைந்தோடு நிறுத்துவதுதான் நல்லது. கண்ணாடி மூடி வழியாகக் காற்று கசியும். வாங்கியவுடன் சுருட்டை உள்ளே வைத்துவிடவும் முடியாது. காய்ந்த மரம் சுருட்டிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்பதால், முதலில் அந்த மரத்துக்கு ஒன்றிரண்டு வாரம் ஈரம் ஊட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: பெட்டி ஈரத்தைத்தான் காக்கும், சூட்டைக் குறைக்காது. வண்டுக்கு அது போதும்.

அடுத்து, ஒயின் வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ். சூட்டுப் பிரச்னைக்கு இதுதான் சரியான பதில். ஆனால், கரன்ட் போனால்? ஆறு மாதம் கடலில் இருப்பவர், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பார்? அவரும் மனைவியும் பிள்ளைகளும் இருப்பது சென்னையில். ஆனால், அந்தக் கட்டை உறையூர் வீட்டைவிட்டு எடுத்துப்போக அவருக்கு மனம் வரவில்லை. ஆக, எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது 71 வயது அம்மாதான். இந்த இடத்தில்தான் கேள்வியே மாறிப்போனது. எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்பதைவிட, எது அம்மாவால் முடியும் என்பது பெரிதாகிவிட்டது.

மெதுவாகப் பேச்செடுத்தார். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்கப்பா நெஞ்சுக்குள்ள இருந்ததெல்லாம் இந்தத் தூள்தான். அதுக்கு நான் தண்ணி தெளிச்சு வளக்கணுமா?"

அவரிடம் பதில் இல்லை. சிகரெட்டைவிட சுருட்டு பரவாயில்லை என்று சிலர் சொல்லிக்கொள்வது உண்டு. அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். இரண்டு நாள்கள் அந்தப் பேச்சே எழவில்லை.

ஆனால் வண்டு காத்திருக்காதே. மிச்சம் இருக்கும் முட்டைகளைக் கொல்ல வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய வழி குளிர்தான். ஜிப் கவர் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், ஃப்ரீஸரில் மூன்று நாள், மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள். ஒரேயடியாக உறையவைத்து வெளியே எடுத்தால் மேல் இலை வெடித்துவிடும். மூன்றாம் நாள் காலை அவர் தயங்கித் தயங்கி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, மாவுப் பாத்திரம் மேல்தட்டுக்கு நகர்த்தப்பட்டிருந்தது. கீழ்த்தட்டு காலி. அம்மா எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தூளாகிப்போன அந்த ஒற்றைச் சுருட்டை மட்டும் அம்மா கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிக் கிளறிவிட்டிருந்தார். பூச்சிக்கு நல்லதாம்.

பெட்டிக்கான முடிவும் அடுப்படியிலிருந்துதான் வந்தது. அப்பளம் போட்டுவைக்கும், நாலு பக்கமும் கிளிப், ஓரத்தில் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார் அம்மா. "ஒரு மழைக்கும் உள்ள இருக்கிறது நமுக்கல. இதுக்கு மேலயா உன் பொட்டி?" சுருட்டு சேர்ப்பவர்கள் பலரும் சுற்றிச்சுற்றி வந்து சேர்கிற இடமும் இதுதான். காற்றுப் புகாத சாதாரண டப்பா, மரப்பெட்டியைவிட ஈரத்தை நன்றாகவே பிடித்துவைக்கும். அம்மாவின் டப்பாவில் பெருங்காய வாசனை இருந்ததால், அதே மாதிரி புதிதாக இரண்டு வாங்கி, கழுவி, ஒரு வாரம் திறந்தே வைத்தார்கள்.

ஏன் இரண்டு? உறையூர் சுருட்டு இனிப்பும் வாசனையும் ஏற்றியது. வெளிநாட்டுச் சுருட்டோடு சேர்த்து வைத்தால் ஒன்றின் மணம் இன்னொன்றில் ஏறிவிடும். அதனால் அப்பாவுக்குத் தனிப் பெட்டி.

ஈரத்துக்கு போவேடா பாக்கெட். உள்ளே உப்புக் கரைசல் இருக்கும். பெட்டி காய்ந்தால் ஈரம் விடும், அதிகமானால் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. பாக்கெட் கல்லாக இறுகினால் புதிதாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சூடான ஊர் என்பதால் 69-ஐ விட்டுவிட்டு மற்றவற்றுக்கு 65, பல வருடம் காய்ந்து கிடந்த அப்பாவின் கட்டுக்கு 62. காய்ந்த சுருட்டுக்கு அவசரமாக ஈரம் ஏற்றினாலும் வெடிக்கும்.

அடியில் போட மரப்பலகை வேண்டும் என்று தச்சரிடம் போனார்கள். சுருட்டுப் பெட்டிக்குப் பேர்போனது ஸ்பானிஷ் சீடர். அது ஸ்பெயின் மரமும் இல்லை, சீடரும் இல்லை. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம். தேவதாரு வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தவரை வயதான தச்சர் தடுத்தார். தேவதாருவின் காட்டமான எண்ணெய் வாசம் இலையைக் கெடுத்துவிடுமாம். "சந்தன வேம்பு போடுங்க. அந்தக் காலத்துல சுருட்டுப் பொட்டிக்கெல்லாம் அதுதானே." ஸ்பானிஷ் சீடருக்குச் சந்தன வேம்பு நெருங்கிய சொந்தம்தான்.

ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் வேலையை அம்மாவே விரும்பிச் செய்தார். பாட்டில் மூடியில் உப்பு, சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் ஈரமானி, மூன்றையும் ஒரு டப்பாவில் மூடி ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். ஒன்று சரியாக 75 காட்டியது. இன்னொன்று 71-லேயே நின்றது. "நாலு கூட்டிக்கணும், அவ்வளவுதானே" என்று அதை அப்பாவின் பெட்டியில் வைத்தார் அம்மா.

ஆவணியில் அவர் கப்பல் ஏறினார். பெட்டிகள் இரண்டும் வெயில் படாத உள் அறையில், நெல் குதிர் இருந்த மூலையில் இருக்கின்றன. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அது. டப்பாவுக்கு வெளியிலிருந்தே எண் தெரியும் என்பதால் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் வந்துவிடும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வந்த குரல் கொஞ்சம் நீளம். "தம்பி, தொறக்காதன்னு சொன்ன. நேத்து அப்பா பொட்டியத் தொறந்துட்டேன். சும்மா, வாசனை இருக்கான்னு பாத்தேன். இருக்கு. உடனே மூடிட்டேன். நேத்து அறுபத்தாறு காட்டுச்சு, பயந்தே போயிட்டேன். இன்னிக்குக் காலையில அம்பத்தெட்டு. நாலு கூட்டுனா அறுபத்திரண்டு, சரிதானே?"