உட்சுவர்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாள் கணக்கு என்பார்கள். எனக்கு அவை இரைப்பை அளக்கும் கோல். 120ஆவது படியில் உட்கார்ந்துவிட்டால் அந்த வாரம் மோசம். போன ஆடிக் கிருத்திகையில், கற்பூரப் புகைக்கு நடுவே, 60ஐத் தாண்ட முடியவில்லை. காவடியோடு வந்த ஒரு கிழவி நின்று, "தண்ணி குடிக்கிறியா நைனா?" என்றாள்.

பையில் இருந்த இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தேன். சரியாயிற்று. இந்தச் 'சரியாயிற்று'தான் இருபது வருஷமாக என்னை ஏமாற்றி வந்திருக்கிறது. சால்பியூட்டமால் செய்வது இறுகிய தசையை நெகிழ்த்துவது மட்டும். தசை இறுகுவதற்கு வெகு முன்பே, மூச்சுக்குழலின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய செல் வரிசையில் காரியம் தொடங்கிவிடுகிறது.

அதை வெறும் சுவர் என்றே நினைத்திருந்தேன். உருவம் என்பது உள்ளடக்கத்தைச் சுமக்கும் பாத்திரம் என்று எழுதுகிறவர்களோடு பத்து வருஷம் சண்டை போட்டவன், சொந்த மூச்சுக்குழலை மட்டும் பாத்திரம் என்று எண்ணியிருந்திருக்கிறேன்!

தலையணையில் நம் தோல் செதிளைத் தின்று வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. அதன் எச்சத்தில் உள்ள நொதி, செல்லோடு செல்லைப் பிணைக்கும் கட்டுகளை அறுக்கிறது. சீண்டப்பட்ட செல்கள் சும்மா இருப்பதில்லை. டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின் 33, 25 என்ற புரதங்களை வெளியே விடுகின்றன. அபாயக் குரல்கள் அவை. அதைக் கேட்டுத்தான் நோயெதிர்ப்பு அணுக்கள் கிளம்புகின்றன. அவை சுரக்கும் இன்டர்லூக்கின் 5 இயோசினோஃபில்களைத் திரட்டுகிறது, 13 சளியைப் பெருக்குகிறது. திரும்பத் திரும்ப இது நடந்தால் சுவரே வேறாகிவிடும்: சளி சுரக்கும் செல்கள் கூடும், அடிப்புறம் தடிக்கும். பிறகு கொஞ்சம் புகைக்கே அது கூச்சல் போடும்.

டி.எஸ்.எல்.பி.யையே மறிக்கும் டெசெபெலுமாப் ஊசிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடுமையான ஆஸ்துமாவுக்கானது; குமாஸ்தா சம்பளத்துக்கானது அல்ல. எனக்கு ஸ்டீராய்ட் இன்ஹேலரே போதும், ஆனால் இரைப்பு இல்லாத நாட்களிலும் இழுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இரைப்பு இல்லாத நாட்களில்தான் நான் அதை நிறுத்திவிடுவேன். அந்த நாட்களிலும் உள்ளே சுவர் புண்ணாகவே இருந்திருக்கிறது.

மகளுக்கு ஆறு வயது. சில ராத்திரிகளில் விடாமல் இருமுகிறாள். சளி என்று சொல்லி வந்தோம். ஞாயிற்றுக்கிழமை தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் அண்டாவில் கொதிக்கும் நீரில் போட்டேன். "யாருக்குடா பொங்கல்?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லவில்லை. நேற்றும் குழந்தை இருமினாள். வருகிற வாரம் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.