சேறும் முளையும்

நம் கவிதைகளில் நங்கூரம் என்று ஒன்று அடிக்கடி வந்து விழுகிறது. விழுந்த இடத்திலேயே நின்றும் விடுகிறது. எந்தத் தரையில் விழுந்தது, அந்தத் தரை அதைப் பிடித்துக்கொண்டதா என்று கேட்பாரில்லை. கனம் இருந்தால் போதும், பொருள் நிற்கும் என்கிற நம்பிக்கை. சென்ற வருடம் நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில், ஏரிச் சேற்றில் கிடக்கும் கல் ஒன்று ஒரு மனிதனின் நிலைபேற்றுக்குப் படிமமாக வந்திருந்தது. வரி நன்றாகவே அமைந்திருந்தது. ஆனால் சேற்றில் கல் நிற்பதில்லை. அது இறங்கும். தன்னோடு கட்டப்பட்டதையும் இறக்கும். இதைச் சொன்னபோது நண்பர், 'நான் எழுதியது கவிதை, பொதுப்பணித் துறைக்கு அறிக்கை எழுதவில்லை' என்றார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனாலும் எனக்கு அதில் திருப்தி இல்லை.

நான் இருப்பது ஓசூரில். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, கெலவரப்பள்ளி அணையில் நமக்குக் கிடைக்கிறது. கிருஷ்ணகிரி அணை அதற்கப்புறம். வெளியூர் நண்பர்களுக்கு ஓசூர் என்றால் சிப்காட்தான். லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். 1970களிலும் 80களிலும் இந்தத் தொழிற்சாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது ஏரிகளின் பிரதேசம். ஒன்றின் மறுகால் இன்னொன்றில் விழுகிற மாதிரி சங்கிலியாக வெட்டப்பட்ட ஏரிகள். இன்று பலவற்றின் சுற்றுச்சுவரை ஒட்டியே பட்டறை. அவற்றின் அடியில் இருப்பதை நான் சேறு என்கிறேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் கெசரு என்கிறார். பாகலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், புரத என்கிறார். மூன்று பேரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறோமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஏனெனில் பெரியவருக்கு மட்டும்தான் அதற்குள் தரம் பிரிக்கத் தெரியும்.

அவர் பறி வைக்கிறவர். பறி என்பது மூங்கில் சிம்புகளால் குடுவை மாதிரிப் பின்னிய பொறி. வாயருகே சிம்புகள் உள்நோக்கிக் கூம்பாகச் சாய்ந்திருக்கும். மீன் நுழையும்போது விலகி, திரும்பும்போது குத்தும். முதல் மழைக்கு ஓடை ஏரியில் விழும் இடங்களில் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறும். ஆகவே பறியின் வாய் நீர் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், முதுகு நீர் வரும் திசையில். நீர் முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கும். (பறி என்கிற பெயர்ச்சொல்லும் பறி என்கிற வினையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயலா, தெரிந்தே வைத்த எச்சரிக்கையா என்று மொழிநூல்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.)

மீன்தான் பறியை இழுத்துப் போகும் என்று நான் எண்ணியிருந்தேன். பெரியவர் சிரித்தார். இரண்டு கிலோ மீன் என்ன இழுத்துவிடும்? இழுப்பது ஆகாயத்தாமரை. காற்று திரும்பினால் அந்தப் பச்சைப் பாய் முழுவதும் சேர்ந்து நகரும். அதன் வேர்க்கற்றைகளில் கயிறு சிக்கினால், ஏரியின் ஒரு பகுதியே பெயர்ந்து வந்து இழுப்பது போலத்தான். அதற்கு எதிராக என்ன கட்டுவது?

'கல்லைக் கட்டினா சேறு தின்னுடும்ப்பா' என்றார். 'ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வாங்கும். காலையிலே பாத்தா வாயிலே சேறு ரொம்பி இருக்கும்.' தவிர்க்க முடியாமல் கனம்தான் வேண்டுமென்றால், சாக்கில் அந்தச் சேற்றையே அள்ளிக் கட்டி, அகலவாக்கில் படுக்கப் போடுவார். சேற்றின் கனமே உள்ள பொருளைச் சேறு அவ்வளவு எளிதில் விழுங்குவதில்லை. ஆனால் அவர் நம்புவது முளையைத்தான். முதலில் ஒரு மெல்லிய கழியை வெறுங்கையால் இறக்கிப் பார்ப்பார். ஒரு ஆழம் வரை கழி தன் கனத்திலேயே போகும். அது சேறே அல்ல, கெட்டியான தண்ணீர் என்பது அவர் கணக்கு. பிறகு தள்ளினால்தான் போகும். பிறகு அடியில் வண்டல் முடிந்து பழைய ஏரித்தரை தட்டும், உள்ளங்கையில் அது தெரியும். முளை அந்தத் தரைக்குள் ஒரு முழமாவது போக வேண்டும். பருமன் அவருக்கு முக்கியமில்லை, நீளம்தான். சேறு பிடிப்பது முளையின் மேனியை. மேனி எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவு பிடி. தரையே தட்டாத இடமானால், முளையின் அடிப்பகுதியில் குறுக்குக் கட்டை ஒன்றைக் கட்டிச் சேற்றுக்குள் கிடையாகப் புதைத்துவிடுவார்.

இரண்டு காரியங்களில் அவர் கண்டிப்பு. ஒன்று, கயிற்றை முளையின் தலையில் கட்டக்கூடாது. தலையில் கட்டினால் அலையும் காற்றும் முளையை நெம்பி நெம்பிக் குழியை அகலமாக்கிவிடும். சேற்றின் மட்டத்துக்கு எவ்வளவு அருகில் கை போகுமோ அங்கே கட்ட வேண்டும். தண்ணீருக்குள் முகத்தை அழுத்திக்கொண்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் மட்டும் போடுகிற முடிச்சு. இரண்டு, முளை அடித்த அன்றே பறியைக் கட்டக்கூடாது. 'நேத்து அடிச்சதை நம்பு. இன்னிக்கு அடிச்சதை நாளைக்குத்தான் நம்பணும்.' இதை நான் கிராமத்து நம்பிக்கை என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். அடித்தளப் பொறியியல் படித்த நண்பர் ஒருவர் திருத்தினார். களிமண்ணைக் கலக்கினால் அது தன் வலுவை இழக்கும், சும்மா விட்டால் திரும்பப் பெறும். கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் களிமண்ணில் இறக்கும் தூண்கள் இறக்கிய நாளைவிடச் சில வாரங்கள் கழித்து அதிகம் தாங்குவது இதனால்தான் என்றார். அங்கே வாரக்கணக்கு, இங்கே ஒரு ராத்திரி.

ஆக, சேற்றில் ஒரு பொருள் நிற்பது ஆழத்தாலும் காத்திருப்பதாலும். கனத்தின் பங்கு மிகக் குறைவு. என் நண்பரின் வரியில் பிசகியது தகவல் மட்டும் என்றால் அதை விட்டுவிடலாம். ஆனால் அந்தப் படிமத்துக்குள் ஒரு மனிதன் வைக்கப்பட்டிருந்தான். கல் எப்படி நிற்கிறது என்பதை வைத்துத்தான் அவன் எப்படி நிற்கிறான் என்பது நமக்குத் தெரிய வேண்டும். கல் இறங்கிக்கொண்டிருக்க, அவன் நிலைபெற்றவன் என்று வாசகன் நினைத்துக்கொள்கிறான். இது அறிக்கைக்கும் கவிதைக்கும் உள்ள பேதம் அல்ல. ஸ்தூலத்தைப் பார்க்காமலே சூட்சுமத்துக்குத் தாவுவது நம்மிடையே ஒரு தலைமுறையாகப் பழகிவிட்ட காரியம், சௌகரியமான காரியமும்கூட.

எந்த மரத்தில் முளை செய்வது என்பதிலும் சமாசாரம் இருக்கிறது. காய்ந்த மூங்கில் உள்ளே வெற்றிடம் உள்ளது. தளர்ந்த சேற்றில் மிதந்து மேலே வரப் பார்க்கும். கணுக்களைத் துளைத்து நீர் புக விட்டால் அடங்கும். வெளியே துருத்தும் கணுக்கள் நல்ல பிடி. கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை இளைஞர்கள் கொண்டுவருகிறார்கள். எளிதாக இறங்குகிறது, அதே எளிமையில் வந்தும் விடுகிறது. பெரியவரின் பேரன் ஒரு தடவை கரையிலிருந்த நெய்வேலிக் காட்டாமணக்கை ஒடித்து ஊன்றிவிட்டான். உள்ளே கூடான தண்டு, எதற்கும் ஆகாது. ஆனால் அது அங்கேயே வேர்விட்டுத் துளிர்த்துவிட்டது. முளை என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே குச்சியில். இன்று அந்த ஓடைவாய் முழுக்க அந்தச் செடிதான்.

பறியின் தலையைத் தண்ணீருக்கு மேல் ஒரு சாணாவது தூக்கிக் கட்ட வேண்டும் என்பது மூன்றாவது கண்டிப்பு. இதற்குக் காரணம் கருணை அல்ல, விரால். விரால் செவுளால் மட்டும் உயிர்வாழ முடியாத மீன். அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிக்க வேண்டும். மூழ்கிய பறிக்குள் அகப்பட்டால் மீனே தண்ணீரில் மூச்சுமுட்டிச் சாகும். செத்த விராலுக்குச் சந்தையில் பாதி விலைகூடக் கிடையாது. எனவே முளையின் வேலை பறியை ஓடாமல் வைத்திருப்பதோடு முடியவில்லை, இறங்காமலும் வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு சாண் காற்றில், வேண்டாமல் நுழைந்துவிட்ட ஆமையும் தண்ணீர்ப் பாம்பும் விடியும்வரை பிழைத்துக்கிடந்தன. விடிந்ததும் பெரியவர் அவற்றை எடுத்துக் கரையில் விடுவார், திட்டிக்கொண்டே.

வட அமெரிக்காவில் பீவருக்கும் கஸ்தூரி எலிக்கும் ரோமத்துக்காகப் பொறி வைத்தவர்களின் கலை இதற்கு நேர் எதிர். அவர்களும் சேற்றடி ஓடைகளில்தான் வேலை செய்தார்கள். அவர்களுக்கும் நீண்ட கழிதான் நங்கூரம். பச்சைக் கழியைப் பீவர் கடித்துத் தின்றுவிடும் என்பதால் பட்டுப்போன கழி. ஆனால் இரும்புப் பொறியின் சங்கிலியை ஆழத்தை நோக்கி இறங்கும் கம்பியில் கோத்து, கீழே போகலாம், மேலே திரும்ப முடியாது என்கிற மாதிரி ஒரு பூட்டும் வைத்தார்கள். அகப்பட்ட பிராணி பயந்து ஆழத்துக்குப் பாயும், அங்கேயே மூழ்கும். சீக்கிரம் சாவதால் இது தயவான முறை என்று வாதிட்டவர்கள் உண்டு. கால்கவ்விப் பொறிகளை ஐரோப்பிய சமூகம் 1991இல் தடை செய்யத் தீர்மானித்தது. நம் நாட்டில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைப்பதையும் வேட்டை என்றே கணக்கில் கொள்கிறது. ஆனாலும் நீர்நாயின் தோலுக்காக இரும்புப் பொறி வைப்பது நின்றுவிடவில்லை. குறுந்தொகையில் வாளை மீனை நாளிரையாகப் பெறுகிற அதே நீர்நாய்தான். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காவேரியில் அது இன்றும் இருக்கிறது. 2014இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது அந்தக் காட்டில்தான்.

எங்கள் ஏரிகளில் சட்டம் இல்லாமலே இருந்த ஒரு பாதுகாப்பு போய்விட்டது. அது போனவிதம்தான் என்னை உறுத்துகிறது. 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஜிலேபி என்ற பெயரில் எல்லா ஏரிகளையும் நிறைத்துவிட்டது. விரால் அருகிவிட்டது. ஜிலேபி மேலே வந்து காற்றுக் குடிக்க வேண்டிய மீன் அல்ல. செத்தாலும் ஐஸில் போட்டு விற்கலாம். ஆகவே பறியின் தலையைத் தூக்கிக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பட்டறைக் கழிவுக் கம்பியில் சட்டம் பற்றவைத்து, நைலான் வலையைச் சுற்றி, முழுக்க அமிழ்த்திவிடுகிறார்கள். அடியில் இருப்பதும் பழைய வண்டல் அல்ல. சாக்கடையோடு வந்த கருப்புக் கூழ். கழியை எடுத்தால் குமிழி விட்டு நாறுகிறது. முன்பு இடுப்பளவில் தரை தட்டிய இடத்தில் இப்போது ஆள் உயரக் கழிக்கும் தட்டவில்லை என்கிறார் பெரியவர். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளியில் நுரைமலையாக எழுவதைப் பத்திரிகைகளில் படத்தோடு பார்த்திருப்பீர்கள். நுரை கண்ணுக்குத் தெரிகிறது. அடியில் சேர்வது தெரிவதில்லை. இந்தக் கூழில் குட்டையான கம்பி முளை இரண்டு நாள்கூடத் தாங்காது. பொறி ஆகாயத்தாமரையோடு போய்விடும். வைத்தவன் ஒரு நாள் தேடிவிட்டு, வேறு ஒன்று பற்றவைத்துக்கொள்வான்.

போன பொறி சும்மா இருப்பதில்லை. மூங்கில் பறியானால் இரண்டு மூன்று மழையில் மக்கி வாய் திறந்துவிடும். நைலான் மக்காது. உள்ளே செத்த மீனைத் தின்ன அடுத்தது நுழையும், அதைத் தின்ன இன்னொன்று. யாருக்காகவும் அல்லாமல் பொறி பிடித்துக்கொண்டே இருக்கும். சென்ற தை மாதம், நீர் வற்றிய ஒரு சிற்றேரியில் அப்படி ஒன்று வெளியே தெரிந்தது. பெரியவரும் நானும் இழுத்துப் போட்டோம். உள்ளே நாலைந்து மீன்முள்ளும் இரண்டு ஆமைகளும். பால் ஆமை என்பார்களே, கால்களை இழுத்துக்கொண்டு வயிற்றோட்டின் மடல்களால் மூடிக்கொள்வது. ஒன்றின் மடல்கள் மூடியே இருந்தன. மற்றதன் கழுத்து வலைக்கண் வழியாக மேல்நோக்கி நீண்டு அப்படியே காய்ந்திருந்தது. அட்டவணை ஒன்றில், புலியோடு ஒரே வரிசையில் வைத்துக் காக்கப்படும் பிராணி அது. பெரியவர் பொறியைத் திருப்பி, கயிறு எங்கே கட்டப்பட்டிருந்தது என்று பார்த்தார். கம்பியின் தலையில். ஒன்றும் பேசாமல் வலையை அறுத்தார்.

பட்டறை வரிசை வீடுகளில் அஸ்ஸாமிலிருந்து வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். பகலில் லேத், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடை. அவர்கள் ஊரில் நம் ஊத்தா போன்ற கூடைக்குப் போலோ என்றும், பறி போன்றதற்குச் செபா என்றும் பெயராம். பிரம்மபுத்திராவின் சேற்றில் பழகிய கை. இரண்டு முளைகளை எதிரெதிராகச் சாய்த்து இறக்கி, அவை குறுக்கிடும் இடத்தில், சேற்றுக்குச் சற்று மேலே, கட்டுகிறான். பெரியவர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, முதல் முறையாக இன்னொருவர் கட்டை ஒப்புக்கொண்டார். பையனுக்குத் தமிழ் 'அண்ணா', 'தண்ணி', 'போதும்' அளவுக்குத்தான். பெரியவருக்கு ஹிந்தி கிடையாது. கயிறு கைமாறியதில் இடைஞ்சல் ஒன்றும் தெரியவில்லை.

சண்டை வந்தது பாட்டிலில். தரை தட்டாத கூழில் பறி எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்காக அவன் மூடிய காலிப் பிளாஸ்டிக் பாட்டில்கள் இரண்டை உள்ளே மேற்புறமாகச் செருகிவிடுகிறான். முளை இறங்கினாலும் பறியின் தலை மிதந்துகொண்டிருக்கும், உள்ளே காற்று இருக்கும். பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளையாக மின்னுகிற பாட்டில் திருடனைக் கூப்பிடும் என்கிறார். அவன் பாட்டிலுக்குக் கரி பூசிக்கொண்டு வந்தான். கரி இரண்டே நாளில் கரைந்துவிட்டது. இப்போது பட்டறையிலிருந்து கருப்புப் பெயிண்ட் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். பெயிண்ட் வாசனைக்கு மீன் வராது என்று பெரியவர்.