சும்மா இருப்பவர்களின் கணக்கு

சங்கரன்கோவிலில் என் அம்மாவிடம் யாராவது "என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டால், "வேலையா? வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பாள். சொல்லும்போதும் கை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்.

இதைப் பற்றி ஒருமுறை வீட்டில் பேசினேன். "ஒன் வீட்டுக் கதைய வச்சு ஊரையே சொல்லாதக்கா" என்றான் தம்பி. சுருக்கென்று தைத்தது. தமிழ் படித்த நான் புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தது அன்றுதான்.

அதில் 'நம்பிக்கை இடைவெளி' என்றொரு சொல். குலுக்கல் முறையில் நூறு பெண்களைக் கேட்கிறோம். எண்பது பேர் நேற்று வீட்டுவேலை செய்தோம் என்கிறார்கள். அதற்காக ஊர் முழுவதும் 80 விழுக்காடு என்று சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ 72 முதல் 88 வரை எனலாம். இதே முறையில் நூறு தடவை கணித்தால், சுமார் 95 தடவை உண்மை அந்தந்த எல்லைக்குள் அகப்படும். பத்தாயிரம் பேரைக் கேட்டால் எல்லை 79க்கும் 81க்கும் நடுவே சுருங்கிவிடும். இரண்டு சராசரிகளின் வேறுபாட்டுக்கும் இப்படியோர் எல்லை உண்டு. அதற்குள் பூஜ்யம் வந்துவிட்டால், வேறுபாடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய நான்கரை லட்சம் பேர். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1. ஈடுபட்டவர்களின் சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. வேறுபாடு 202 நிமிடம். இத்தனை பேரைக் கேட்டபின் பூஜ்யம் அந்த எல்லைப் பக்கமே வராது. 2024இல் மறுபடி கேட்டார்கள்: 289, 88. வேறுபாடு 201. குறைந்த அந்த ஒரு நிமிடத்தைக் கொண்டாட வேண்டாம். யார் யாரைக் கேட்டார்கள் என்ற தற்செயலாகவும் அது இருக்கலாம்.

தம்பிக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் போதவில்லை. இந்த இடைவெளி அளப்பது அந்தத் தற்செயலை மட்டுமே. வந்த பதில் சரியா என்பது அதற்குத் தெரியாது. கணக்கெடுப்பு ஒரு நாளை அரைமணித் துண்டுகளாக்கியது. ஒரு துண்டுக்குள் பத்து நிமிடத்துக்குக் குறைந்த வேலை சேராது. பால் பொங்காமல் பார்ப்பதையும் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பதையும் எதில் எழுதுவது? லட்சம் அம்மாக்கள் 'சும்மா' என்று சொன்னால் இடைவெளி குறுகும், பிழை குறுகாது.

அதனால் கேள்வியை மாற்றினேன். "காலைல நாலு மணியில இருந்து என்னெல்லாம் செஞ்சேம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். சொல்லத் தொடங்கினாள். ஆறு மணிக்கு வருவதற்குள் என் தாள் நிறைந்துவிட்டது.