மூடத் தெரிந்த கை

உடம்பில் ஓடும் பெரிய குருதிக் குழாய்கள் இரு திறத்தன. இதயத்தை நோக்கித் திரும்பி வரும் குருதியைச் சுமப்பது சிரை. இதயத்திலிருந்து உந்தப்பட்டுப் புறப்படும் குருதியைச் சுமப்பது தமனி. சிரையில் ஊசி குத்தினால் சிறிது பஞ்சை வைத்து அழுத்திவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். தமனியில் விழுந்த துளையோ அவ்வளவு எளிதில் அடங்குவதன்று. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் அந்தத் துளையின் வாயைத் தேடி வந்து முட்டும். ஆகவே தமனியைத் திறப்பவன், அதை மூடும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறான். மனிதனைக் குறித்து இவ்வாறு சொன்னால் மறுப்பார் எவருமிலர். ஆராய்ச்சிக் கூடத்தில் வாயில்லாப் பிராணியின் தமனியைத் திறந்தவனுக்கும் அதே பொறுப்பு உண்டா? இதுவே என் வாழ்நாளின் பெரும்பகுதி என்னைத் தொடர்ந்து வந்த வினா.

வட சென்னையின் காசிமேட்டிலே பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் பெரும்பாலோர் கடலை நம்பி வாழ்ந்தனர். எனக்கு வாய்த்ததோ, நகரின் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விலங்குக்கூட உதவியாளர் வேலை. மருத்துவர்கள் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, இரத்த அழுத்தத்தை அளந்து, புதிய கருவிகளைச் சோதித்து முடித்ததும் கைகழுவச் சென்றுவிடுவார்கள். குழாயை உருவிய இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பவன் நான்.

எளிய வேலையென்று எண்ணிவிடாதீர்கள். முயலின் காது நடுவே ஓடும் தமனியில் குருதி எடுத்தால், துணி வைத்துச் சில நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். பொறுமையிழந்து விரலை எடுத்தால் காது முழுதும் நீலம் பாய்ந்துவிடும். எலியின் தமனி நூலினும் மெல்லியது. அதைப் பெரும்பாலும் கட்டித்தான் விட வேண்டும். பன்றியின் தொடையிடுக்குத் தமனி தசைக்குள் ஆழப் புதைந்து கிடப்பது. குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்து கொடுத்திருந்தால் பத்து நிமிட அழுத்தம் இருபதாகும், முப்பதாகும். மனித நோயாளியிடம், காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருங்கள் என்று சொல்லலாம். மயக்கம் தெளிந்த பன்றியிடம் யார் சொல்வது? அது எழும், நடக்கும், அடைபட்ட துளை மீண்டும் திறக்கும். அதனால்தான், உயிரோடு இருக்கவேண்டிய பிராணியாயின், தமனியை வெளிப்படுத்தி மயிரிழையொத்த நூலால் தைத்து மூடுவதும் உண்டு. அதன் பின்னரும் கால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, பாதத்தில் நாடி துடிக்கிறதா, இடுக்கில் இரத்தக்கட்டு வீங்குகிறதா என்று இரவெல்லாம் பார்க்க வேண்டும்.

பன்றி என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் இருப்பார்கள். அதன் இதயமும் இதயத் தமனிகளும் அளவிலும் அமைப்பிலும் மனிதருடையவற்றை ஒத்திருப்பதால்தான் ஆராய்ச்சியாளர் அதை நாடுகின்றனர். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் இந்தத் தயக்கம் என்னை வாட்டிற்று. எங்கள் பகுதி ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டேன். தூய்மைக்குரிய சட்டத்தை அவர் விளக்கமாகச் சொன்னார். ஷாஃபிஈ மத்ஹபில் ஏழுமுறை கழுவுவதையும் அதில் ஒருமுறை மண் சேர்ப்பதையும் நினைவூட்டினார். பிறகு என்னைச் சற்று உற்றுப் பார்த்து, “கையைக் கழுவிவிடலாம் தம்பி. அந்தப் பிராணியை இரத்தம் கசிய விட்டுவிட்டு வந்தால் அதை எதைக்கொண்டு கழுவுவாய்?” என்றார். பூனையைப் பட்டினியிட்டு அடைத்த பெண்ணைப் பற்றியும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரைப் பற்றியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைச் சிறுவயதிலேயே கேட்டிருந்தேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

வரலாற்றைப் புரட்டினால் இந்த வினாவுக்கு இருவேறு விடைகள் எதிரெதிரே நிற்பதைக் காணலாம்.

1162இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு மருத்துவ மேதை இப்னு ஸுஹ்ர், மூச்சுக்குழாயைத் திறந்து உயிர் காக்க முடியுமா என்றறிய ஓர் ஆட்டைச் சோதித்தார். திறந்ததோடு அவர் நிற்கவில்லை. தேன் கலந்த நீரால் புண்ணைத் தொடர்ந்து கழுவி, அது முற்றிலும் ஆறும் வரை பேணினார். அந்த ஆடு பிழைத்து நெடுநாள் வாழ்ந்தது. அது பிழைத்ததே அவருடைய சோதனையின் விடை! பல நூற்றாண்டுகளுக்குப் பின், ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், பெண்குதிரை ஒன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் தமனியில் குழாயைச் செருகினார். இணைத்திருந்த கண்ணாடிக் குழாயில் குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்தது. 1733இல் அவர் வெளியிட்ட நூலால் உலகம் இரத்த அழுத்தத்தின் அளவை அறிந்தது. அந்தக் குதிரையோ குருதி வடிந்தே மாண்டது. மயக்க மருந்து பிறவாத காலம் அது. ஹேல்ஸைத் தூற்றுவது என் நோக்கமன்று. ஆயினும் ஒருவர் திறந்து மூடினார். மற்றவர் திறந்தபடியே விட்டார். அறிவு இருவருக்கும் கிடைத்தது.

மூடும் கலையைக் கற்பிக்க வந்தவர்களுள் தலையாயவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்ஸிஸ் காரெல். 1894இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் குத்துண்டு மாண்டபோது, அறுபட்ட பெருங்குழாயைத் தைக்க எவருக்கும் தெரியவில்லை. காரெல், பூத்தையல் செய்யும் பெண்ணொருத்தியிடம் சென்று ஊசி பிடிக்கக் கற்றார். நாய், பூனைகளின் குழாய்களைத் தைத்துத் தேர்ந்தார். 1912இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. காசிமேட்டுக் கரையில் கிழிந்த வலையை மடியில் பரப்பி, கண்ணுக்குக் கண் முடிச்சிட்டுச் செப்பனிடும் முதியவர்களைக் காணும்போதெல்லாம் காரெலை நினைப்பேன். கிழிசலை மூடுவதும் ஒரு கல்விதானே!

1953இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர், கத்தியின்றி ஊசியும் கம்பியும் கொண்டே தமனிக்குள் குழாய் செலுத்தும் முறையை வெளியிட்டார். 1977இல் கிருண்ட்ஸிக், அடைபட்ட இதயத் தமனியைச் சிறு பலூனால் விரித்துக் காட்டினார். அதற்குமுன் அவர் நாய்களில் சோதித்திருந்தார். இவ்வாறு வந்த மருத்துவம் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது.

2004இல் என் ராத்தாவுக்கு நெஞ்சுவலி. தொடை வழியாகக் குழாய் செலுத்தி இதயத் தமனிகளைப் படமெடுத்தார்கள். குழாயை உருவியபின் இளம் மருத்துவர் ஒருவர் இருபது நிமிடம் தம் முழுப் பலத்தையும் விரல்களில் தேக்கி அழுத்தி நின்றார். அந்த நிலையை நான் அறிவேன். அந்தத் தோள்வலியையும் அறிவேன். இரவு ராத்தா என்னை அருகழைத்து, “ஏன் தம்பி, இதை முதலில் யாருக்குச் செய்து பார்த்தார்கள்?” என்று கேட்டார். நாய்க்கும் பன்றிக்கும் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். “அவற்றுக்கும் இப்படி ஒருவர் அழுத்திக்கொண்டு நின்றாரா?” என்றார். “நான் நின்றிருக்கிறேன் ராத்தா” என்றேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். இருபதாண்டுப் பணிக்கு எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுவே.

இன்று அந்த அழுத்தத்துக்கும் மாற்றுகள் பல வந்துவிட்டன. இதயப் படமெடுப்பில் பெரும்பகுதி இப்போது மணிக்கட்டு வழியே நடைபெறுகிறது. தொடைத் துளையை மூட நூலால் தைக்கும் கருவியும், மாட்டிலிருந்து பெறப்படும் கொலாஜன் அடைப்பானும் உண்டு. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்னும் பொருள், சிவப்பணுக்களைத் தன்பால் இழுத்துப் பிடித்துக் காயத்தை அடைக்கிறது. 2002இல் அமெரிக்காவில் அதனாலான கட்டுத்துணிக்கு அனுமதி கிடைத்தது. எங்கள் துறைமுகத்தில் குப்பையெனக் கொட்டிக் கிடக்கும் இறால் ஓட்டுக்குள் இப்படியொரு மருந்தை வைத்திருக்கிறான் இறைவன்! ஆனால் இதுவும் பன்றிகளின் காயங்களில் சோதிக்கப்பட்ட பின்னரே மனிதரிடம் வந்தது என்பதை மறத்தலாகாது.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தவிர்க்கக் கூடிய இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. வலி தெரியாதிருக்க மயக்க மருந்தை வலியுறுத்துகிறது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் மூன்று நெறிகளை வகுத்தனர்: மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. இந்தியா இவற்றோடு நான்காவதாக மறுவாழ்வு என்பதையும் சேர்த்துக்கொண்டது. சோதனை முடிந்த பிராணி எஞ்சிய நாளை வாழ வழி செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. தமனியைச் செம்மையாக மூடாமல் அந்த நான்காம் நெறியைப் பேசுவது எங்ஙனம்?

விலங்குச் சோதனையே கூடாது என்போரின் மனத்தை நான் மதிக்கிறேன். மாணவர் பயிற்சிக்கு இரப்பர்க் குழாய்களும் செயற்கை மாதிரிகளும் வந்திருப்பது கண்டு மகிழ்கிறேன். ஆனால் நம் நெஞ்சுவலிக்கு மருந்துண்டு, அடைத்த தமனியைத் திறக்கப் பலூன் உண்டு என்று நிம்மதியாக உறங்கும் நாம், அதற்கு விலை கொடுத்த உயிர்களை அறியாதவர்போல் இருத்தல் நியாயமன்று. எச்செயலையும் அழகுறச் செய்யப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது; அறுக்கும் கத்தியைக்கூடத் தீட்டிக்கொள்ளச் சொன்னது. நம் பிள்ளைகளில் மருத்துவம் படிப்போர் பலர்; ஆய்வுக்கூடம் செல்வோரும் பலர். திறப்பதற்கு ஆயிரம் பேர் அவர்களுக்குக் கற்பிப்பார்கள். கேட்பார் எவருமில்லாத அறையில், பேசத் தெரியாத பிராணியின் மீது, கடைசித் துளி நிற்கும் வரை விரலை எடுக்காதிருக்கும் பொறுமையை வீட்டில் நாம்தான் கற்பிக்க வேண்டும். பார்ப்பவன் அங்கும் ஒருவன் இருக்கிறானன்றோ!