பிசாசின் படிக்கட்டு

அளவெட்டியிற் பிறந்தவர்களுக்கு மலை என்றால் கீரிமலைதான். அதுவும் பெயரளவில் மலை. ஏறி இறங்க அங்கே சிகரம் ஏது? கும்பழாவளைப் பிள்ளையாரை வணங்கிவிட்டுச் செம்மண் ஒழுங்கைகளிற் சைக்கிள் ஓட்டிப் பழகிய நாம், மெய்யான மலைப்பாதை ஒன்றைக் காண ஒருமுறை புறப்பட்டோம்.

மல்லாகத்திற் புகைவண்டி ஏறி, பொல்காவலையில் மாறி, ஒஹிய நிலையத்தில் இறங்கினோம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5,800 அடி! அங்கிருந்து உடவேரியத் தேயிலைத் தோட்டத்தின் வழியே கலுபஹன நோக்கி இறங்கும் பாதையின் செங்குத்தான பகுதிக்குத்தான் பிசாசின் படிக்கட்டு என்று பெயர்.

நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் ஜீப் வண்டியே அதற்கு ஏற்றது. சாரதி மலையகத் தமிழ் இளைஞர். இறக்கம் தொடங்குமுன் வண்டியை நிறுத்தி, மிகச் சிறிய கியருக்கு மாற்றினார்.

“அது ஏற்றத்துக்கல்லவோ, தம்பி?” என்று எம்முடன் வந்த பெரியவர் வினவினார்.

“இறக்கத்துக்குத்தாங்க ஐயா ரொம்ப வேணும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இருந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிரும். எஞ்சினே வண்டியப் பிடிச்சு நிறுத்தணும்.”

கொண்டையூசி போன்ற வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முகில். சில திருப்பங்களிற் பின்னோக்கி நகர்ந்தே திரும்ப வேண்டியிருந்தது. பெரியவர் கந்தனையும் பிள்ளையாரையும் மாறி மாறி அழைத்தார். கீழே, 863 அடி உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது. இலங்கையில் அதனினும் உயர்ந்த அருவி இல்லை.

ஒரு வளைவில் வண்டி நின்றது. கொழுந்து மூட்டை சுமந்த பெண்கள் சிலர் எதிரே ஏறி வந்தனர். எமக்கு வீரச்செயலாகத் தோன்றிய பாதை அவர்களுக்கு நாளாந்த வழி! இப்பாதையில் எது கடினம் என்று சாரதியைக் கேட்டோம். மழை இரவில், பிரசவ வேதனையில் இருப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு இறங்குவதே என்றார். பெரியவர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இம்மக்கள். அவர்கள் பறித்த கொழுந்தையே நாம் அளவெட்டியிற் காலைதோறும் அருந்துகிறோம்.

மாணவர்களே, மழையற்ற நாளில், பாதையறிந்த சாரதியுடன் ஒருமுறை சென்று வாருங்கள். மேலேறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். சுமையுடன் வருபவருக்கு அதற்கு முன்பே வழி விடுங்கள்.