திருத்தணி: எல்லை தாண்டினால் பீர் ருசி மாறுமா?

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாசஞ்சரில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், திருத்தணிக்கு அடுத்து பொன்பாடி வரும். இந்தப் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் அது. அதற்கடுத்தது ஆந்திராவின் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து. சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பேர் வைக்கும்வரை நாட்டிலேயே நீளமான ஸ்டேஷன் பேர் என்ற பெருமை இந்தக் குட்டி ஊருக்குத்தான் இருந்தது. ரயில் நிற்கும் நேரத்துக்குள் பலகையைப் படித்து முடிப்பது சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு.

இந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே எங்கேயோ மாநில எல்லை போகிறது. கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே விசைத்தறிச் சத்தம், ஒரே மாந்தோப்பு, தமிழும் தெலுங்கும் கலந்த ஒரே பேச்சு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. என் அக்காவையே நகரியில்தான் கொடுத்திருக்கிறோம். கோட்டைத் தாண்டினால் பஸ் போர்டின் எழுத்து மாறும், சுவரொட்டியில் தலைவர்கள் மாறுவார்கள். அப்புறம், மதுக்கடையில் பாட்டிலின் பேர் மாறும்.

இந்தக் கோடு சும்மா வந்ததல்ல. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி.யும், திருத்தணியைச் சேர்ந்த கே. விநாயகமும் போராடினார்கள். படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மிடம் வந்தது. சந்நிதியில் நிற்கும்போது இதெல்லாம் யாருக்கும் நினைவு வராது. முருகனுக்கு வரும் காவடிகளில் பாதி தெலுங்கு பேசும் தோள்களில்தான் வருகின்றன.

குடி விஷயத்தில் இந்த எல்லைக்குத் தனிச் சரித்திரமே உண்டு. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1938-ல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு நீட்டினார். அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டம் என்பதால், நாட்டிலேயே முதலில் மதுவிலக்கைப் பார்த்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1995-ல் என்.டி.ஆர். ஆந்திராவில் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். அங்கே கடை கிடையாது, இங்கே உண்டு. 1997-ல் அது தளர்ந்தது. 2020 மே மாதம், ஊரடங்கில், ஆந்திரா 4-ம் தேதியே கடையைத் திறந்தது, தமிழ்நாடு 7-ம் தேதிதான் திறந்தது. இடையில் நம் எல்லையோர கிராமத்து ஆட்கள் அங்கே போய் வரிசையில் நின்றார்கள். ஆந்திர அரசு இரண்டே நாளில் மொத்தம் 75 சதவீதம் விலை ஏற்றியும் வரிசை நீண்டது. சட்டம் எந்தப் பக்கம் இறுக்குகிறதோ, கூட்டம் அடுத்த பக்கம் சாயும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரிதான்.

ஆனால் 2019-லிருந்து ஐந்து வருஷம் நடந்தது வேறு மாதிரி. அப்போது ஆந்திராவில் கடையும் இருந்தது, சரக்கும் இருந்தது. 2019 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடைகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. கடைகளின் எண்ணிக்கை 4,380-லிருந்து 3,500 ஆகக் குறைந்தது. கூடவே, வருஷக்கணக்காகப் பழகிய பிராண்டுகள் அலமாரியில் அபூர்வமாகி, கேள்விப்படாத பேர்கள் வந்து உட்கார்ந்தன. ‘பூம் பூம்’, ‘பிரெசிடென்ட் மெடல்’ என்ற பேர்களெல்லாம் அரசியல் மேடைகளில் கேலிக்கு ஆளாயின. அந்தப் பீர் நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. பேரைக் கேட்டதுமே பாதிப் பேர் முகம் சுளித்தார்கள் என்பதுதான் நான் பார்த்தது.

அவர்களில் ஒருவர் என் மாமா, அக்கா வீட்டுக்காரர். வாரத்துக்கு ஒரு நாள் பீர் குடிக்கிற மனிதர். வேறு எதுவும் தொடமாட்டார். “எங்க ஊர் பீர் வாயில வைக்க முடியல. திருத்தணியில கிடைக்கறதுதான் பீர்” என்று சனிக்கிழமை சாயந்திரம் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் பொன்பாடி பக்கம் சோதனை, வழக்கு என்று தொல்லை. அதனால் இங்கேயே குடித்துவிட்டு இரவு வண்டி ஓட்டித் திரும்புவார்.

அந்த ஐந்து வருஷமும் அக்கா சனிக்கிழமை இரவுகளில் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். லாரிகள் வரிசையாகப் போகிற திருப்பதி சாலை அது. பத்து மணிக்கு மேல் எனக்கு போன் வரும். “உங்க மாமா அங்க பக்கத்துல எங்கயாவது நிக்கறாரா பாரேன்” என்பாள். நான் இருப்பது சென்னையில்! என்னால் என்ன பார்க்க முடியும்? அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

2024 அக்டோபர் 16-ல் ஆந்திராவில் தனியார் கடைகள் மறுபடி வந்தன. மொத்தம் 3,396 கடைகள். பழைய பிராண்டுகளும் திரும்பின. மாமாவின் சனிக்கிழமைப் பயணம் நின்றது. அக்கா மட்டும் ஒரு கேள்வியை விடவில்லை. “அப்படி என்னடா வித்தியாசம் இருந்துது அதுல? நிஜமாவே தெரியுமா இவங்களுக்கு?”

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது இந்தக் கேள்விக்கு மொட்டை மாடியில் ஒரு பரீட்சை வைத்தோம். நான் குடிக்காதவன் என்பதால் ஊற்றும் வேலை எனக்கு. தேர்வு எழுத மாமா, அவருடைய நண்பரான ரிட்டயர்டு பஸ் டிரைவர், தறிப் பட்டறைக்குச் சாயம் கலக்கிற இன்னொருவர். மாமாவின் செல்ல பிராண்டு ஒன்று, அவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிராண்டு ஒன்று. பேர் எழுதினால் விளம்பரமோ வம்போ ஆகும், வேண்டாம்.

விதி எளிது. நிறம் தெரியாமலிருக்க மூன்று எவர்சில்வர் டம்ளர். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு பீர். வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1940-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் உருவான முறை. இன்று காபித்தூள், பிஸ்கட் கம்பெனிகள்வரை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

ஆளுக்கு மூன்று சுற்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டு ஊற்றினேன். மாமா மூன்றில் ஒன்று சரி. “வாசனையிலயே சொல்லிடுவேன்” என்ற டிரைவரும் ஒன்று சரி. அதாவது, காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதே மார்க் வந்திருக்கும். ஆனால் சாயம் கலக்கிறவர் மூன்றும் சரியாகச் சொன்னார்! அதிர்ஷ்டத்தால் அப்படி வர 27-ல் ஒரு வாய்ப்புதான். எப்படி என்று கேட்டால், “ஒண்ணுல முழுங்கின பிறகு நாக்கு ஓரத்துல லேசா இனிப்பு நிக்குது” என்றார். வருஷத்துக்கு இரண்டு தடவை குடிப்பவர் அவர்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பாட்டிலைக் கண்ணுல காட்டு, அப்ப சொல்றேன்” என்றார். காட்டினேன். இரண்டு டம்ளர், பக்கத்தில் இரண்டு பாட்டில். செல்ல பிராண்டு பக்கத்தில் இருந்ததைக் குடித்துவிட்டு, “இதுடா பீரு!” என்றார். மற்றதைக் குடித்துவிட்டு முகத்தைக் கோணினார். இரண்டு டம்ளரிலும் நான் ஊற்றியிருந்தது அந்த முகம் கோணிய பீரைத்தான்.

மாமாவைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒன்று. 1964-ல் அமெரிக்காவில் அலிசன், உல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 326 பீர் பிரியர்களிடம் இதையே செய்தார்கள். லேபிள் இல்லாமல் கொடுத்தபோது, தங்கள் பிராண்டை அவர்கள் உயர்த்தி மார்க் போடவில்லை. லேபிளோடு கொடுத்ததும் அவரவர் பிராண்டுக்கு மார்க் ஏறியது. 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 138 பேருக்கு ஹைனகன், ஸ்டெல்லா ஆர்ட்வா, செக்வார் என்று மூன்று ஐரோப்பிய பீர்கள். அதே மூன்று டம்ளர் முறை. மூன்று சோதனையில் இரண்டில் குருட்டு யூகத்தைத் தாண்டவில்லை, மூன்றாவதில் ஏதோ கொஞ்சம் தாண்டினார்கள். நகரி மொட்டை மாடிக்கும் மேலைநாட்டுக்கும் பெரிய தூரமில்லை.

காரணமும் புரியாதது அல்ல. நம் கடைகளில் விற்பதில் பெரும்பாலானவை லேகர் என்ற ஒரே வகை. முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர், செலவு குறையக் கொஞ்சம் அரிசியோ சோளமோ சர்க்கரையோ. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்கிறார்கள். பிறகு அதைப் பல் கூசும் அளவுக்குக் குளிர வைக்கிறோம். கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் எழும்பாது. ‘ஸ்ட்ராங்’ என்பதையும் சாதாரணத்தையும் மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடலாம். வெயிலில் கிடந்த பாட்டிலையும் கண்டுபிடிக்கலாம். ஹாப்ஸ் மேல் வெளிச்சம் பட்டால் ஒரு கெட்ட வாடை வரும். அதைத் தடுக்கத்தான் பழுப்பு பாட்டில். ஆக, பல நேரம் ருசியைக் கெடுத்தது பிராண்டாக இல்லாமல் லாரியும் கிடங்குமாக இருக்கலாம்.

‘பீரில் கிளிசரின்’ கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாட்டிலைத் தண்ணீர் டம்ளரில் கவிழ்த்தால் கோடு கோடாக ஏதோ இறங்கும், அதுதான் கிளிசரின் என்பார்கள். டிரைவரும் அன்று செய்து காட்டினார். சர்க்கரைத் தண்ணீரை அப்படிக் கவிழ்த்தாலும் அதே கோடு இறங்கும். தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமான எதுவும் அப்படித்தான். அக்கா சமையலறையிலிருந்து சர்க்கரைக் கரைசல் கொண்டுவந்து காட்டிய பிறகும் அவர் நம்பவில்லை.

ஒரு விஷயத்தில் மாமா பக்கம் நியாயம் இருக்கிறது. “ருசி தெரியுதோ இல்லையோ, காசு கொடுக்கறவன் கேட்டதைக் கொடுக்கணுமா இல்லையா?” என்றார். சரியான கேள்வி. டாஸ்மாக் 1983-ல் தொடங்கி, 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில்தான். இங்கேயும் கேட்ட பிராண்டு இல்லை, இருப்பதை வாங்கு என்ற புலம்பலுக்குக் குறைவில்லை. வேடிக்கை என்னவென்றால், கிங்ஃபிஷர் கம்பெனிக்கு இதே திருவள்ளூர் மாவட்டத்திலேயே அரண்வாயலிலும் குத்தம்பாக்கத்திலும் ஆலைகள் உண்டு. 2021-ல் அந்தக் கம்பெனி ஹைனகன் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. உள்ளூர் எது, வெளியூர் எது என்று நாக்கு எப்படிச் சொல்லும்?

அக்கா கடைசியாகக் கேட்டது வேறு. “அப்ப அஞ்சு வருஷம் நான் வாசல்ல உட்கார்ந்திருந்தது எந்த ருசிக்கு?” மாமா பதில் சொல்லவில்லை. டம்ளர்களை அவரே கீழே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். இருபத்தைந்து வருஷ மாப்பிள்ளை, அந்த வீட்டில் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

கண்ணை மூடி ருசி பார்த்த கதை ஒன்று திருத்தணிக்கே சொந்தமாக இருப்பதை அடுத்த நாள் மலையேறும்போது நினைத்துக்கொண்டேன். முத்துசாமி தீட்சிதர் இங்கே தியானத்தில் இருந்தபோது, ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டாராம். கண் திறந்தால் ஆளைக் காணோம். கொடுத்தவர் யார் என்று பார்க்காமலே ருசித்த அந்த இனிப்பில்தான் அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது என்பது ஐதிகம். ‘குருகுஹ’ என்ற முத்திரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மலைக்கு 365 படிகள், வருஷத்தின் நாளுக்கு ஒன்று. வண்டிப் பாதையும் உண்டு. முடிந்தவர்கள் படியில் ஏறுங்கள். சரவணப் பொய்கையிலிருந்து தொடங்கினால் சுகமான ஏற்றம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் நெரியும். கூட்டம் பரவாயில்லை என்றால் டிசம்பர் 31 இரவு வாருங்கள். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைகளைக் கும்பிடப் போகிறவர்களை, துரைக்கெல்லாம் துரையான தணிகேசனிடம் திருப்ப வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய படித் திருவிழா. ஊரெல்லாம் பாட்டில் மூடி திறக்கிற அந்த இரவில், இங்கே படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள்.

சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில் இருக்கிறது, திருப்பதி பஸ்களும் நிற்கும். இறங்கியதும் பன்னீர் சோடா ஒன்று குடித்துப் பாருங்கள். துணைக்கு யாராவது இருந்தால் இரண்டு கடை சோடாவை மூன்று டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள்.