மல்லேஸ்வரத்துல நான் இங்கிலீஷ் பேசக் கத்துக்கிட்ட கதை

ஊர்ல இருந்து புதுசா வேலைக்கு வர்ற தம்பிங்க எல்லாம் என்கிட்ட கேக்கற முதல் கேள்வி, "அண்ணே, இங்க நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எங்க இருக்கு?" தெரியலப்பான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. உண்மையிலேயே தெரியாது. நான் ரெண்டு கிளாஸ்ல பணம் கட்டினேன், ரெண்டுலயும் மூணாவது வாரம் நின்னுட்டேன். நான் பேசக் கத்துக்கிட்டது வேற இடத்துல.

பன்னெண்டாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். அப்புறம் விருதுநகர் பக்கம் ஒரு காலேஜ்ல இஞ்சினியரிங். வாத்தியார் புக்கைப் பாத்து இங்கிலீஷ்ல வாசிப்பார், தமிழ்ல விளக்குவார், நாங்க மனப்பாடம் பண்ணி எழுதுவோம். அதனால 2005-ல பெங்களூர் வந்தப்ப மெயில் எழுதச் சொன்னா எழுதிடுவேன். வாயைத் திறன்னா மட்டும் நாக்கு மேல போய் ஒட்டிக்கும்.

ஒரு நாள் கிளையண்ட் கால். பிரச்சனை நான் எழுதின புரோகிராம்ல. காரணமும் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்துல இருந்து கேள்வி வந்ததும் ஸ்பீக்கர் போனையே முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பையன் ம்யூட் பண்ணி "என்னடா?"ன்னான். நான் தமிழ்ல சொல்ல, அவன் இங்கிலீஷ்ல சொன்னான். பாராட்டு மெயில் அவன் பேருக்கு வந்துச்சு. அவன் மேல தப்பே இல்லை. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கலை.

"வெளியில நாலு பேர்கிட்ட பேசிப் பழகு"ன்னு எல்லாரும் சொன்னாங்க. சரிதான், யார்கிட்ட? நான் இருந்தது மல்லேஸ்வரத்துல, மார்கோசா ரோட்டுக்கு உள்ள தள்ளி ஒரு மாடி ரூம். 1898 பிளேக்குக்கு அப்புறம் ஜனங்க குடியேறி நிரம்பின பழைய பேட்டை. நம்மாளுங்களுக்கும் புதுசு இல்லை, திருச்சியில பொறந்த சர் சி.வி.ராமனோட 'பஞ்சவடி' வீடே இங்கதான் இருக்கு. எட்டாவது கிராஸ்ல பூ வாங்கப் போனா பூக்காரம்மா தமிழ். காய்கறிக் கடையில பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும், மீதிப் பேருக்கு என் அரைகுறைக் கன்னடம் போதும். வீணா ஸ்டோர்ஸ்ல இட்லி வாங்க ரெண்டு விரலைக் காட்டினாப் போதும், மொழியே வேண்டாம் :-)

ஆக, இங்கிலீஷ் தேவைப்பட்ட ஒரே இடம் ஆபீஸ். எனக்குப் பயம் இருந்த ஒரே இடமும் அதுதான்.

இதுல ஒரு வேடிக்கை. கன்னடம் எனக்கு ஆறே மாசத்துல வந்துடுச்சு. தப்புத் தப்பாப் பேசுவேன், கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே திருத்துவார், நானும் சிரிப்பேன். கன்னடத்துல தப்பாப் பேசினா "பரவாயில்லையே, கத்துக்கறானே"ம்பாங்க. இங்கிலீஷ்ல தப்பாப் பேசினா நம்ம படிப்பு, குடும்பம், ஊர் எல்லாத்தையும் எடை போட்டுடுவாங்கன்னு ஒரு பயம். மொழி கஷ்டமா இருந்துச்சுன்னு நான் இப்ப நினைக்கலை. வெக்கம்தான் கஷ்டமா இருந்துச்சு.

கீழ் வீட்டுல எங்க ஓனர். பேங்க்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், கன்னடக்காரர். மனைவி இல்லை, ஒரே பையன் அமெரிக்காவுல. கிளாக்கோமாவுல கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டு இருந்துச்சு. அவருக்குத் தமிழ் வராது, என் கன்னடம் வெண்டைக்காய்க்கு மேல தாண்டாது. வாடகை கொடுக்கப் போன ஒரு ஞாயித்துக்கிழமை, "ஏனப்பா, இந்தப் பேப்பரைக் கொஞ்சம் வாசி"ன்னு டெக்கான் ஹெரால்டை நீட்டினார். எனக்கு வேர்த்துடுச்சு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது, பாதி அட்வான்ஸ் இன்னும் பாக்கி!

முதல்ல ஆபிச்சுவரி. அதுதான் அவருக்கு முக்கியம். அப்புறம் ஆசிரியருக்குக் கடிதங்கள். கடைசியாத்தான் தலைப்புச் செய்தி. "யாரெல்லாம் போயிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா, யார்கூட இன்னும் பேசலாம்னு தெரியும்"பார்.

நான் 'ரெசிப்ட்'னு வாசிச்சா 'ரிசீட்'ம்பார். 'டெப்ரிஸ்'னா 'டெப்ரீ'. ஒரு நாள் 'கலோனல்'னு வாசிச்சேன், அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். 'கர்னல்'! சின்ன வயசுல இருந்து தமிழ்ப் பேப்பர்ல கர்னல்னு படிச்சிருக்கேன், ரெண்டும் ஒரே ஆள்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. 'பேக்'னு நான் சொன்னா பையா முதுகான்னு அவருக்குப் புரியாது. யோசிச்சுப் பாருங்க, 'கல்', 'தங்கம்', 'அகம்' மூணுலயும் ஒரே க-தான், சத்தம் மூணு விதம். எழுத்து எந்த இடத்துல நிக்குதுன்னு பாத்து நாக்கு தானா முடிவு பண்ணிக்கும். அந்தப் பழக்கம் இங்கிலீஷ்ல காலை வாரிடும். அதே மாதிரி பஸ்ஸு, புக்கு, லைட்டு. கடைசில ஒரு 'உ' சேக்காம நமக்கு வார்த்தை முடியாது. அவர் அந்த 'உ'வைப் பிடிச்சுக்கிட்டார். ஒவ்வொரு தடவை வரும்போதும் நாற்காலிக் கையில விரலால ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான்.

தினமும் காலைல இருபது நிமிஷம். வாசிச்சு முடிச்சதும் "நீ என்ன நினைக்கறே?"ன்னு கேப்பார். அதுதான் உண்மையான வகுப்பு. நம்ம மொழில வினை கடைசியா வரும். நேத்து நான் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கிட்டுன்னு நிதானமா இழுத்துக்கிட்டே போகலாம், முடிவைக் கடைசில வச்சுக்கலாம். இங்கிலீஷ்ல ஆளுக்குப் பின்னாடியே வினை வந்து நிக்கணும். மனசுல தமிழ் வாக்கியத்தை முழுசாக் கட்டி, அதைத் தலைகீழாத் திருப்பி எடுக்கறதுக்குள்ள பேச்சு அடுத்த ஊருக்குப் போயிடும். ஓனருக்கு அவசரமே இல்லை. காத்துக்கிட்டு இருப்பார். என் முகம் அவருக்குச் சரியாத் தெரியாதுங்கறது எனக்குப் பெரிய தைரியம் (இதைச் சொல்ல இன்னமும் கூச்சமா இருக்கு).

ஒண்ணு மட்டும் பெத்தவங்களுக்குச் சொல்லணும். புள்ளைங்களை இங்கிலீஷ்ல பேசு பேசுன்னு விரட்டாதீங்க. இங்கிலீஷ் தவிர வேற பொது மொழி இல்லாத ஒரு பெரியவரையோ, பக்கத்து வீட்டுப் புள்ளையையோ பிடிச்சுக் கொடுங்க. அந்த மனுஷருக்கு இவங்க பேச்சு நிஜமாத் தேவைப்படணும். போன்ல இருக்கற ஆப் எல்லாம் நல்லாத்தான் திருத்துது, ஆனா நாம ஒரு நாள் வரலைன்னா அது ஜன்னல்கிட்ட உக்காந்து காத்திருக்காது.

2008 மழைக்காலத்துல அவருக்கு முடியாமப் போச்சு. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். ரெண்டாவது நாள் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, கிட்னி ரெண்டும் நின்னுக்கிட்டு வருது, பையன் வரணும்னா இப்பவே கிளம்பச் சொல்லுங்கன்னார். அமெரிக்காவுல அப்ப நடுராத்திரி. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல நின்னு போன் பண்ணினேன். அவருக்கும் எனக்கும் நடுவுல இருந்த ஒரே மொழி இங்கிலீஷ், ம்யூட் போட்டு எடுத்துக் கொடுக்கப் பக்கத்து சீட்டுப் பையனும் இல்லை. "யுவர் ஃபாதர் இஸ் நாட் கோயிங் டு கம் பேக் ஹோம். ப்ளீஸ் ஸ்டார்ட் டுடே"ன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நானும் போனை வைக்காம, காத்துக்கிட்டு இருந்தேன்.

பையன் வந்து சேர்ந்தார். ஒரு பகல் முழுக்க அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். அதுக்கு அடுத்த நாள் முடிஞ்சுபோச்சு.

ஆபிச்சுவரி எழுதணும். "தினமும் நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க, நீங்களே எழுதுங்க"ன்னுட்டார். 'லெஃப்ட் ஃபார் ஹெவன்லி அபோட்'னு யாராவது போட்டிருந்தா ஓனர், "அட்ரஸ் கொடுத்திருக்காங்களா பாரு"ன்னு கேலி பண்ணுவார். அதனால பேர், வயசு, வேலை, பையன் பேர், நடுவுல ஒரே வினை: 'டைட்'. விளம்பரம் வாங்கற இடத்துல இருந்தவர் படிச்சுப் பாத்துட்டு, இப்படி யாரும் போட மாட்டாங்க சார், ஃபார்மட் இருக்கு, அதையே போட்டுடலாம்னார். "நோ. ஹி டிட்ண்ட் லைக் இட். ப்ளீஸ் பிரிண்ட் வாட் ஐ ரோட்"னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பாத்துட்டு, பேனாவால வார்த்தைகளை எண்ண ஆரம்பிச்சார்.

மறுநாள் காலைல வழக்கம் போல பேப்பர் வந்து விழுந்துச்சு. மாடியில இருந்து இறங்கி வந்து, அவர் நாற்காலிக்கு எதிர்ல உக்காந்து அந்த நாலு வரியையும் சத்தமா வாசிச்சேன். 'டைட்'ல கடைசி 'உ' வரலை.